தனக்கோடியின் குறுக்குக்கல்

இரும்புலியூர்,
4.2.2024

அன்புத் தம்பி ஹரிபிரசாத்துக்கு அக்கா சாமுண்டீஸ்வரி எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம் என்று ஆரம்பிக்கத்தான் ஆசை. ஆனால் உன் மாமாவுக்கு முட்டிவலி. எனக்கு வாய்வலி. சண்டை போட நீ இல்லாததால் வந்த வலி அது. நீயும் கனகவல்லியும் எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு வரி தெரிந்தால் இரண்டு வலியும் பாதி குறையும்.

முகவரி எப்படிக் கிடைத்தது என்று முறைக்காதே. மூன்றாவது தெரு அச்சுதன் அண்ணன் குடும்பத்தோடு அந்தமான் சுற்றிப் பார்க்க வந்தாரே, போர்ட் பிளேரில் உன் டிபன் கடையில் உட்கார்ந்து நாலு இட்லி தின்றுவிட்டு, பெயர்ப்பலகையைப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். "சாம்பார்ல தண்ணி ஜாஸ்தி சாமு, ஆனா உன் தம்பி ரொம்ப எளச்சிட்டான்" என்றார். சாம்பாருக்குச் சிரித்தேன், இளைத்ததற்கு அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. பலகையில் இருந்த நம்பருக்கு மூன்று தடவை அடித்தேன். என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார். கிழித்தால்கூட, கிழிக்கும்போது ரெண்டு வரியாவது கண்ணில் படும். அந்தத் தைரியத்தில்தான் அஞ்சாம் கிளாஸ் படிப்பை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் சேதி. கல் கிடைத்துவிட்டது தம்பி. சுமைதாங்கியின் குறுக்குக்கல்.

டிசம்பர் புயலில் காலனிக்குள் முழங்கால் அளவு தண்ணீர். அதுதான், நாம் விற்ற நிலத்தில் கட்டின காலனி. தண்ணீர் வடிந்தபின் கால்வாய் தூர் வார ஆட்கள் வந்தார்கள். சுந்தரராமன் சார் என்று ஒருவர், ரிட்டயர் ஆனவர், அவர் வீட்டு வாசலில் கால்வாய்மேல் ஒரு பலகைக்கல் மூடியாகக் கிடந்தது. அதைப் புரட்டினால் அடிப்பக்கம் பூரா எழுத்து. அவர் மிட்டாய் சுற்றின காகிதத்தையும் படிக்காமல் போடாத ஆள். விடுவாரா? பல் தேய்க்கிற பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு நடுத்தெருவில் உட்கார்ந்து கல்லைத் தேய்த்திருக்கிறார். 'இரும்புலியூர் தனக்கோடி சூலோடு இறந்ததற்கு வைத்த சுமைதாங்கி. பிரபவ வருஷம் மாசி மாதம்.' அவ்வளவுதான் எழுத்து. அவர் சம்சாரம் ஞானாம்பாள் மாமி படித்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டாராம். "ஏழு வருஷமா ஒரு பிள்ளைத்தாச்சியை மிதிச்சுண்டு போயிண்டிருந்தோமே" என்று அழுகை. அன்று பூரா வாசல் வழியாக வெளியே வரவில்லை.

சார் அந்த எழுத்தைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு நம் மளிகைக் கடைக்கு வந்தார், தனக்கோடி யார் என்று ஊரில் யாருக்காவது தெரியுமா என்று விசாரிக்க. உன் மாமா காகிதத்தைப் பார்த்தார். கல்லாவை அப்படியே போட்டுவிட்டு, செருப்புகூட மாட்டாமல் நடந்தார். நான்தான் பின்னால் கத்திக்கொண்டு ஓடினேன். எப்படியும் அவர் நடையை எட்டிப்பிடிப்பது எனக்குப் பெரிய வேலை இல்லை.

இரண்டு நிற்கும் கல்லும் எங்கே என்று நீ கேட்பாய். நம் வீட்டுப் பின்கட்டில் இருக்கிறது. கல் விழுந்த மறுநாளே மாமா குட்டியானை வண்டி வைத்து எடுத்து வந்தார். உனக்கு அது தெரியாது. அதற்கப்புறம்தான் நீ நம் வீட்டுப் படியே மிதிக்கவில்லையே. குறுக்குக்கல்லை மட்டும் அதற்குள் மனை போட்டவர்களின் ஆட்கள் எங்கேயோ தூக்கிப் போட்டுவிட்டார்கள். இவர் தேடாத குப்பைமேடு இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சுந்தரராமன் சார் ஒரு டிரஸ்டுக்கு எழுதிப்போட்டார். பழைய சின்னங்களைச் சரிசெய்து, அதை வைத்து ஊர் ஜனங்களை ஒன்று சேர்க்கிறதற்குப் பண உதவி செய்கிறவர்களாம். அங்கிருந்து ஸ்ரீவித்யா என்று ஒரு பெண் வந்தது. மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு என்னையே கேள்வி கேட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை, ஒரே பெருமை. எல்லாம் சொன்னேன். தனக்கோடி எங்கள் தாத்தாவின் அக்கா, இவருடைய தாத்தாவுக்கு முதல் தாரம், நிறைமாசத்தில் போய்விட்டாள், வயிற்றுச் சுமையை இறக்காமல் போனவளுக்காகப் பிறத்தியார் சுமை இறங்கட்டும் என்று கல் நட்டார்கள். பிறந்த வீடும் புகுந்த வீடும் ஆளுக்கொரு முனை பிடித்துத்தான் குறுக்குக்கல்லை ஏற்ற வேண்டும், அது எங்கள் இரண்டு வீட்டு வழக்கம். ஒரு வீட்டார் மட்டும் ஏற்றினால் அவள் சுமை பாதிதான் இறங்கும். இதைச் சொன்னதும் அந்தப் பெண் தட்டுகிறதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தது.

டிரஸ்டு போட்ட நிபந்தனை, ஊரும் காலனியும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். கூட்டம் போட்டோம். ஊர்க்காரர்கள் ஒரு பக்கம், காலனிக்காரர்கள் ஒரு பக்கம், நடுவில் மூணு நாற்காலி காலி. கீரை விற்கிற ஜெயக்கொடியை ஞாபகம் இருக்கிறதா? எழுந்து நின்று, "எங்க கல்லுக்கு இவுங்க இன்னா சோக்கு காட்றது? ஆடி மாசம் மைக்செட்டு போட்டா போலீசுக்குப் போன் பண்ற கும்பலு" என்றாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர், கல்லை நட்டால் கார் திருப்ப இடம் போய்விடும் என்றார். கூட்டம் கலைந்துவிடும் போல இருந்தது. ஞானாம்பாள் மாமி மெதுவாக, "அந்தக் கல் எவ்வளவு உசரம் இருக்கும்? தலைல இருக்கறதை எப்படித் தனியா இறக்குவா?" என்று கேட்டார். ஜெயக்கொடி விறுவிறுவென்று வந்து, என் கடைப் பையிலிருந்து அஞ்சு கிலோ அரிசிப் பொட்டலத்தை எடுத்து மாமி தலையில் வைத்துவிட்டாள். "அப்டியே நடந்து வா மாமி. எறக்க ஆளு இல்ல. இப்ப இன்னா பண்ணுவ?" மாமி நடந்தார், நின்றார், சுற்றிப் பார்த்தார். "எறக்குங்கோளேன் யாராவது" என்றார். ஊரும் காலனியும் ஒரே சத்தமாகச் சிரித்தது தம்பி. அப்புறம் அந்த மூணு நாற்காலியிலும் ஆள் உட்கார்ந்துவிட்டார்கள். கார் திருப்ப இடம் கேட்டவரும் வந்து உட்கார்ந்தார்.

பங்குனி இரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, மார்ச் பதினஞ்சு, கல் ஏற்ற நாள் குறித்திருக்கிறோம். அதற்கு முன்னால் இரண்டு வீட்டார் கையெழுத்தும் வேண்டும். பிறந்த வீட்டுக்கு நீ ஒருத்தன்தான் ஆண் வாரிசு. நான் போடுகிறேன் என்றேன், நீங்கள் புகுந்த வீட்டில் வந்துவிட்டீர்கள் ஆன்ட்டி என்கிறது அந்தப் பெண். அதனால் படிவம் இதோடு இருக்கிறது, பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போடு. எப்படிச் சிதைந்தது என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் சார், சாலை போட்டபோது விழுந்தது என்று எழுதிவிட்டார். அவர் கேட்டபோது மாமா பேசாமல் இருந்தார். நானும் பேசாமல் இருந்தேன். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

கையெழுத்தோடு நீயும் வந்தால் நல்லது. இட்லிக்கு நான் சாம்பார் வைத்துக் காட்டுகிறேன், கற்றுக்கொண்டு போகலாம்.

கனகவல்லிக்கு என் அன்பு. இரண்டு பேரும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும்.

உன் அக்கா,
சாமு


இரும்புலியூர்,
25.2.2024

தம்பி ஹரிபிரசாத்துக்கு,

உன் பதில் வந்தது. எட்டு வருஷத்துக்கு நாலே வரி. 'சாலை போட்டபோது விழுந்தது என்பது பொய். பொன்னுரங்கம் ஜேசிபி வைத்துத் தள்ளினார் என்று எழுதுங்கள். அதன்பின் கையெழுத்துப் போடுகிறேன். நான் வருவதாக இல்லை.' மாமா என்றுகூட எழுதவில்லை. தோளில் கை போட்டுக்கொண்டு கிழக்குத் தாம்பரம் வரை நடந்தே சினிமாவுக்குப் போன மனுஷனுக்குப் பொன்னுரங்கம் என்று பெயர் இருக்கிறது என்பதே உன் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

அவரும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "மச்சான் கரெக்டாத்தான் கேக்கறான். அப்டியே எழுதிக் குடுத்துரு. நான் கையெழுத்து போட்டுர்றேன்" என்றார். பேனாவைக்கூட எடுத்துவிட்டார். நான் பிடுங்கினேன். "இன்னாடி உனக்கு இப்ப?" என்றார். எனக்கு இப்போது என்ன என்பதைத்தான் உனக்கு எழுதுகிறேன். இதில் வேடிக்கை எதுவும் இல்லை. இருக்கிறதா என்று தேடித்தான் அஞ்சாறு நாள் கடிதம் எழுதாமல் இருந்தேன்.

கல்லைத் தள்ளச் சொன்னது உன் மாமா இல்லை. நான்.

நிலத்தை விற்றபோது, வருகிற வெள்ளிக்கிழமை நீயும் அவரும் சேர்ந்து கல்லை முறைப்படி இறக்கி, நம் வீட்டு மூலையில் நட்டுக்கொள்வது என்று பேசினீர்கள் இல்லையா? அவர் அந்தப் பேச்சை மாற்றவே இல்லை. புதன்கிழமை அதற்குத்தான் பூசாரியைப் பார்க்க முடிச்சூர் போயிருந்தார். அப்போது வந்தது வண்டி. ஜேசிபி ஓட்டின பையன் கல்லில் இருந்த குங்குமத்தைப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டான். "யம்மா, இது சாமி கல்லாட்டம் கீது. நான் கை வெக்க மாட்டேன். ஊட்ல பெரியவங்க யாருனா சொல்லட்டும்" என்றான். வீட்டுப் பெரியவள் என்று நான் போய் நின்றேன். "வெறும் கல்லுதான்பா, தள்ளு" என்றேன். அவன் இரண்டாம் தடவை கேட்டான். இரண்டாம் தடவையும் சொன்னேன்.

ஏன் என்று கேள். என் பெண் சந்திரிகா அப்போது அஞ்சு மாசம் முழுகாமல் இருந்தாள். பொத்தேரியிலிருந்து அவள் மாமியார் சொல்லி அனுப்பினாள், வயிற்றோடு செத்தவள் கல் தெருமுனையில் இருக்கிற வீட்டுக்கு வளைகாப்புக்கும் அனுப்ப மாட்டோம், பிரசவத்துக்கும் அனுப்ப மாட்டோம் என்று. இறக்கி நம் வீட்டு மூலையிலேயே நடப்போகிறீர்கள் என்று தெரிந்தால் அவ்வளவுதான். பயம் தம்பி. பெற்ற பெண்ணைப் பற்றின பயம். வெள்ளிக்கிழமைக்குள் அந்தக் கல் இல்லாமல் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. இல்லாமல் போய்விட்டால் யாரும் எங்கேயும் நட முடியாதே.

இதோடு முடிந்தால் நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டுவிடுவேன். முடியவில்லை. கனகவல்லிக்கு இரண்டாவதும் தங்காமல் போனபின் நீ ஒவ்வொரு வெள்ளியும் அந்தக் கல்லில் விளக்கு வைத்துவிட்டு, யாரோடும் பேசாமல் அரைமணி உட்கார்ந்திருப்பாய். நீ உன் பாரத்தை இறக்கி வைத்திருந்த இடம் அது. எனக்குத் தெரியும். கடைக்குள் இருந்து நான் பார்க்காத வெள்ளிக்கிழமை இல்லை. தெரிந்தேதான் தள்ளச் சொன்னேன். என் பெண் பெற்றுப் பிழைக்க வேண்டும் என்று, நீ விளக்கு வைத்த இடத்தை இடிக்கச் சொன்னேன்.

அன்று சாயங்காலம் நீ வந்து, யார் பண்ணினது என்று தெருவே கேட்கக் கத்தினாய். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். உன் மாமா அப்போதுதான் முடிச்சூரிலிருந்து வந்திருந்தார். என் முகத்தைப் பார்த்தார். திரும்பி உன்னிடம், "நான்தாண்டா" என்றார். நீ அவர் சட்டையைப் பிடித்தாய். பட்டன் இரண்டும் தெறித்தது. நான் வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வரவில்லை. அடுத்த மாசம் நீங்கள் இரண்டு பேரும் கிளம்பினீர்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். பேத்தி சின்மயி பிறந்தபின், அவளுக்குப் பேர் வைத்தபின், பள்ளிக்கூடத்தில் போட்டபின் என்று நாள் தள்ளினேன். அவர் ஒரு நாளும், குடித்துவிட்டு வந்த நாளில்கூட, இதைச் சொல்லிக் காட்டினதில்லை. பின்கட்டில் இருக்கும் அந்த இரண்டு கல்லுக்கும் வெள்ளி தவறாமல் விளக்கு வைப்பார். உன் கணக்கில் வைக்கிறாரோ என்னவோ, நான் கேட்டதில்லை.

போன கடிதத்தில்கூட, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே என்று எழுதிவிட்டு, சாம்பாரைப் பற்றிச் சிரித்தேன். எனக்கே வெட்கமாக இருக்கிறது.

உன் கடிதம் வந்த மறுநாள், நீ கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்பின படிவத்தை எடுத்துக்கொண்டு சுந்தரராமன் சார் வீட்டுக்குப் போனேன். அந்தக் கட்டத்தை அடித்துவிட்டு வேறு எழுத வேண்டும் என்றேன். "ஏம்மா, இப்போ இதைச் சொல்லியே ஆகணுமா? வீட்டுக்காராளே வேணும்னு இடிச்சதுன்னு தெரிஞ்சா அவா ஃபண்டை நிறுத்திட்டா என்ன பண்றது?" என்றார். நியாயம்தான். ஸ்ரீவித்யாவுக்குப் போன் போட்டோம். "மேலிடத்துல கேட்டுச் சொல்றேன் ஆன்ட்டி. ப்ராமிஸ் பண்ண முடியாது" என்றது.

இருந்தாலும் அடித்துவிட்டு என் கையாலேயே எழுதினேன். 'சாமுண்டீஸ்வரி சொல்லி இயந்திரத்தால் தள்ளப்பட்டது.' இயந்திரம் என்ற சொல்லுக்கு மட்டும் மாமி எழுத்துக் கூட்டிச் சொன்னார். அந்தப் படிவம்தான் இதோடு இருக்கிறது.

இப்போது ஊருக்கே தெரியும். ஜெயக்கொடி கடைக்கு வருவதில்லை. இரண்டு தெரு தள்ளிப்போய்ப் பருப்பு வாங்குகிறாள். நேற்று எதிரே வந்தபோது, "தெனம் என்னியக் கலாய்ப்பியே, உன் வாய்க்குள்ள இம்மாம் பெரிய கல்லு இருந்திச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். காலனியில் சிலர், இந்த வம்பே வேண்டாம், பார்க்கில் ஊஞ்சல் போட்டுக்கொள்ளலாம் என்கிறார்களாம். நடுவில் அந்த மூணு நாற்காலி மறுபடி காலியாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

உன் மாமா என்னோடு மூன்று நாள் பேசவில்லை. கட்டின நாளிலிருந்து இதுதான் முதல் தடவை. நாலாம் நாள் சோறு போடும்போது, "இத்தினி வருசம் நான் கம்முனு இருந்தேன். இன்னும் இருவது நாளு உன்னால கம்முனு இருக்க முடியலியா? மச்சான் என்னியத் திட்டிக்கினாவது வந்துருப்பான். இப்ப அக்காவும் இல்லேன்னு ஆயிட்டா அவன் எங்கடி வருவான்?" என்றார். சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் எழுந்துவிட்டார். அவர் அழுது நான் பார்த்ததில்லை தம்பி. அன்றும் பார்க்கவில்லை. பின்கட்டில் குழாயைத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் முகம் கழுவினார்.

உன்னிடம் நான் கேட்பது கையெழுத்து இல்லை. டிரஸ்டுப் பணம் வராவிட்டால் சிமெண்டுக்கும் கூலிக்கும் ஊரும் காலனியும் சேர்ந்து வீட்டுக்கு வீடு கேட்கலாம் என்று மாமி சொல்கிறார், அரிசியைச் சுமந்த தெம்பு. பணத்துக்கு அப்படி ஒரு வழி இருக்கிறது. நீ வராவிட்டால் அதற்கு எந்த வீட்டில் போய்க் கேட்க?

என்னை மன்னிக்க வேண்டாம். அந்தக் கோபத்துக்கு நான் சரியான ஆள். எட்டு வருஷமாகத் தவறான ஆள்மேல் வைத்துவிட்டாய், அதை எடுத்து என்மேல் வை. அவரோடு பேசு. மார்ச் பதினஞ்சு காலையில் நான் கல் பக்கம் வரமாட்டேன், வேண்டுமானால் கடையையும் பூட்டிக்கொண்டு பொத்தேரிக்குப் போய்விடுகிறேன். கனகவல்லி சம்மதித்தால் அவளையும் அழைத்து வா. அவள் முகத்தில் விழிக்க எனக்கு யோக்கியதை இல்லை, ஆனாலும் அவள் அந்தக் கல்லைப் பார்க்க வேண்டும்.

ஜேசிபி இடித்ததில் குறுக்குக்கல்லின் ஒரு மூலை சிதறிப்போயிருக்கிறது. அந்த முனை கொஞ்சம் இலேசு. முந்தாநாள் மாமா கல்லைச் சுற்றிச் சுற்றி வந்து, சாக்பீஸால் அந்த முனையில் ஒரு கோடு போட்டு வைத்தார். என்ன கோடு என்று சுந்தரராமன் சார் கேட்டதற்கு, "மச்சானுக்கு இடுப்பு வலி உண்டு சார். அவன் இந்தப் பக்கம் புடிக்கட்டும்" என்றார்.

நீயும் கனகவல்லியும் நோய் நொடி இல்லாமல், மனசில் பாரம் இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். இதைச் சொல்கிற வாய் எது என்று பார்க்காமல் ஏற்றுக்கொள்.

சாமுண்டீஸ்வரி